உள்வட்டத்துக்குத் தள்ளப்பட்ட பாட்டு

பிரிட்டனின் ஹ்யூமன் லீக் பாப் குழுவின் 'டேர்' (1981) ஆல்பம் பற்றி வினைல் கேட்பவர்களிடம் ஒரு புகார் ஓயாமல் வரும். ஒன்பது பாட்டும் நன்றாக ஒலிக்கிறது, பத்தாவது மட்டும் கரகரக்கிறது, அச்சு சரியில்லை போலிருக்கிறது என்பார்கள். அந்தப் பத்தாவது பாட்டு 'டோன்ட் யூ வான்ட் மீ'. தட்டை வாங்குகிறவர்களில் பலர் அதற்காகத்தான் வாங்குகிறார்கள் என்பதால் ஏமாற்றம் இரட்டிப்பாகிறது. வேறொரு பழைய அச்சைத் தேடிப் பிடிக்கிறார்கள், அதிலும் கரகரப்பு. கனமான மறுபதிப்பு வாங்குகிறார்கள், அதிலும் 'ஸ' ஒலி வரும் இடமெல்லாம் எச்சில் தெறிப்பது போலக் கேட்கிறது. இந்தப் புகாரில் எனக்கு நெடுநாளாக ஒரு நெருடல் உண்டு. குறை பெரும்பாலும் அச்சில் இல்லை, அந்தப் பாட்டு தட்டில் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. அது அங்கே போய்ச் சேர்ந்ததும் தற்செயல் அல்ல. பாடியவரே அதை அங்கே தள்ளினார்.

இந்த ஆல்பம் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அலுக்காததற்கு மெட்டுகளை மட்டும் காரணமாகச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. போஸ்ட்-பங்க் (பங்க் ராக்கிலிருந்து கிளைத்த சோதனை இசை) குழு ஒன்று பாப் குழுவாக மாறும்போது தனக்குள்ளேயே போட்டுக்கொண்ட சண்டை, பாட்டுகளின் வரிசையில் அப்படியே பதிந்திருக்கிறது. வினைலில் கேட்டால் அந்தச் சண்டை காதுக்கே கேட்கும்.

ஷெஃபீல்டிலிருந்து ஸ்ட்ரீட்லிக்கு

1978இல் 'பீயிங் பாயில்ட்' வெளியிட்ட பழைய ஹ்யூமன் லீக்கை அறிந்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. கிட்டார் கூடாது என்ற விரதம், மேடையில் ஸ்லைடு படங்கள், இருண்ட அறிவியல் புனைவு வரிகள், பெரிதாக விற்காத இரண்டு ஆல்பங்கள். 1980 அக்டோபரில் இசையின் மூளையாக இருந்த மார்ட்டின் வேரும் இயன் கிரெய்க் மார்ஷும் விலகி ஹெவன் 17 என்ற குழுவின் பக்கம் போய்விட்டார்கள். மிஞ்சியவர்கள் பாடகர் ஃபில் ஓக்கியும், ஸ்லைடு காட்டிக்கொண்டிருந்த ஏட்ரியன் ரைட்டும். ஐரோப்பியச் சுற்றுப்பயணம் வாசலில் நின்றது, இசைத்தட்டு நிறுவனமான வர்ஜினுக்குக் கடன் பாக்கி இருந்தது. ஓக்கி ஷெஃபீல்டின் கிரேஸி டெய்ஸி கிளப்பில் ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளைக் குழுவில் சேர்த்தார். சூசன் ஆன் சல்லிக்கும் ஜோஆன் கேத்தராலுக்கும் தொழில்முறையில் பாடிய பழக்கமே கிடையாது. பிறகு இயன் பர்டன் வந்தார். ரெஸில்லோஸ் என்ற பங்க் குழுவில் கிட்டார் வாசித்த ஜோ காலிஸ் வந்து, கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு சின்தசைசர் பழகினார்.

தயாரிப்பாளராக வந்த மார்ட்டின் ரஷன்ட்டும் பங்க் வழியாக வந்தவர்தான். ஸ்ட்ராங்லர்ஸ், பஸ்காக்ஸ் ஆல்பங்களை முடித்துவிட்டு, பெர்க்‌ஷயரின் ஸ்ட்ரீட்லி கிராமத்தில் ஜெனெடிக் என்ற ஸ்டுடியோ கட்டி இயந்திரங்களை நிரப்பிக்கொண்டிருந்தார். இவற்றில் இரண்டு கருவிகளைப் புரிந்துகொண்டால் 'டேர்' ஏன் அப்படி ஒலிக்கிறது என்பது பாதி விளங்கிவிடும்.

ஒன்று, ரோலண்ட் எம்சி-8, சின்தசைசரைத் தானாக வாசிக்க வைக்கும் சீக்வென்சர். கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்வதைவிட, எண்களைத் தட்டி நிரல் எழுதுவதே இதன் வழி. ஒவ்வொரு சுரத்துக்கும் மூன்று எண்கள் தர வேண்டும்: சுரத்தின் உயரம், அடுத்த சுரம் வரும்வரை எவ்வளவு நேரம், அந்த நேரத்தில் எவ்வளவு பங்கு ஒலிக்க வேண்டும். மூன்றாவது எண்தான் விஷயமே. அதைக் குறைத்தால் சுரம் சட்டென்று வெட்டுப்பட்டு, அடுத்த சுரத்துக்கு முன்னால் ஒரு சின்ன மௌனம் விழும். 'டேர்' முழுக்க பேஸ் வரிகள் அப்படித் துள்ளுவதற்குக் காரணம் அந்த மௌனங்கள். விரலால் வாசிக்கிறவர் அவ்வளவு சீராக விரலை எடுக்க மாட்டார்.

இரண்டாவது, லின் எல்எம்-1. அசல் டிரம் ஒலிகளைச் சில்லுகளில் பதிந்து வைத்து வெளியான முதல் டிரம் மெஷின், 1980. கிக், ஸ்நேர், ஹை-ஹேட், கை தட்டல், கபாசா, டம்போரின், கௌபெல் எல்லாம் உண்டு, ஆனால் கிராஷ் சிம்பல் (ஓங்கி அடிக்கும் பெரிய உலோகத் தட்டு) கிடையாது. சிம்பல் ஒலி பல வினாடிகள் நீளும். அதைப் பதிய அன்றைக்கு நினைவகம் கட்டுப்படியாகாத விலை. இதனால் ஒரு நன்மை விளைந்தது. ராக் ரெக்கார்டுகளில் ஒவ்வொரு பல்லவியின் தலையிலும் வந்து விழுந்து மேல் ஸ்தாயி முழுவதையும் நிரப்பிவிடும் அந்த உலோக அலை 'டேர்' ஆல்பத்தில் இல்லை. அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. குரலும் சின்தசைசர் வரியும் அங்கே மூச்சுவிடுகின்றன. கருவி குறைந்ததால் தெளிவு கூடியது. பிற்காலத்து எண்பதுகளின் பாப் ஆல்பங்கள் பல இன்று பழைய கல்யாண வீடியோ மாதிரித் தோன்றும்போது இது தோன்றாததற்கு இந்தக் காலியிடம் ஒரு முக்கியக் காரணம் என்பேன்.

சூசனும் ஜோஆனும் பாடும் விதம் இன்னொரு காரணம். கமகம் இல்லை, நடுக்கம் இல்லை, பேசுகிற குரலில் கொஞ்சம் உயரம் கூட்டினால் வருமே, அவ்வளவுதான். பயிற்சி பெற்ற பின்னணிப் பாடகிகள் பாடியிருந்தால் அந்த இயந்திரங்களுக்கு மேல் சர்க்கரை பூசியது போல ஆகியிருக்கும். இங்கே இயந்திரம் துல்லியம், மனிதக் குரல் துல்லியமின்மை. இரண்டும் ஒன்றையொன்று சரிக்கட்டுகின்றன.

கடைசி இடம்

'டோன்ட் யூ வான்ட் மீ' பாட்டின் முதல் வடிவம் இன்னும் கரடுமுரடாக இருந்தது. ரஷன்ட்டும் காலிஸும் அதை எடுத்து மென்மையாக்கி, மறுகலவை செய்தார்கள். ஓக்கிக்குப் பிடிக்கவில்லை. ஆல்பத்திலேயே பலவீனமான பாட்டு இதுதான் என்று நினைத்தார். அதனால் இரண்டாம் பக்கத்தின் கடைசியில் போய் உட்கார்ந்தது, வீட்டு விசேஷத்துக்கு வந்த முக்கிய விருந்தாளியைக் கடைசிப் பந்தியில் உட்கார வைத்த மாதிரி.

இரண்டாம் பக்கத்தின் வரிசையை முழுதாகப் பாருங்கள். முதலில் 'கெட் கார்ட்டர்': 1971ஆம் ஆண்டுத் திரைப்படத்தின் கருப்பொருள் இசையை, காசியோவின் கையடக்க விஎல்-டோனில், ஒரு நிமிடம் மட்டும் தனியாக வாசித்தது. பிறகு 'ஐ ஆம் தி லா', மெதுவாக நடக்கும் இருண்ட பாட்டு. பிறகு கென்னடி கொலையைப் பற்றிய 'செகண்ட்ஸ்'. அதற்கப்புறம்தான் 'லவ் ஆக்‌ஷன்', கடைசியில் 'டோன்ட் யூ வான்ட் மீ'. தட்டு வெட்டுகிற பொறியாளரிடம் கேட்டால் இதைத் தலைகீழாக மாற்றச் சொல்லியிருப்பார். சத்தமும் பளிச்சென்ற மேல் ஒலிகளும் உள்ள பாட்டுகளை, ஒலி நன்றாகப் பதியும் வெளி விளிம்பில் வைத்து, மெதுவானதை உள்ளே வைப்பதுதான் வழக்கம். இங்கே தட்டின் மிகச் சிறந்த நிலம் ஒரு பொம்மைக் கீபோர்டுக்குப் போயிருக்கிறது. இரண்டு பெரிய ஹிட்டுகள் மிக மோசமான நிலத்தில் குடியேறியிருக்கின்றன. பழைய ஹ்யூமன் லீக்கின் இருள் வெளியே, புதிய ஹ்யூமன் லீக்கின் பாப் உள்ளே.

பாப் ஆகிவிட்டோமோ என்ற கூச்சம் இந்த வரிசையில் மட்டும் இல்லை. அந்த ஆண்டு சிங்கிள்களின் (ஒரு பாட்டை முன்னிறுத்தி வெளியிடும் சிறு தட்டுகளின்) உறையில் 'ரெட்', 'புளூ' என்று முத்திரை குத்தினார்கள். 'ரெட்' நாகரிகக் கிளப்காரர்களுக்கு, 'புளூ' ஆபா என்ற பாப் குழுவின் ரசிகர்களுக்கு. 'தி சவுண்ட் ஆஃப் தி கிரௌட்' சிவப்பு, 'ஓப்பன் யுவர் ஹார்ட்' நீலம். தன் பாட்டுகளையே இரண்டு சாதியாகப் பிரித்து வைத்த குழு இது. ஆல்பத்திலிருந்து நான்காவது சிங்கிளாக 'டோன்ட் யூ வான்ட் மீ'யை வெளியிடலாம் என்று வர்ஜினின் சைமன் டிரேப்பர் சொன்னபோது ஓக்கி எதிர்த்தார். மூன்று சிங்கிள் போதும், மக்களுக்கு அலுத்துவிடும், இதுவோ சுமாரான பாட்டு என்பது அவர் கட்சி. டிரேப்பர் விடவில்லை. 1981 நவம்பர் இறுதியில் வெளிவந்தது, பிரிட்டனில் கிறிஸ்துமஸ் முதலிடம் பிடித்தது, ஐந்து வாரம் அங்கேயே நின்றது. அடுத்த கோடையில் அமெரிக்காவிலும் மூன்று வாரம் முதலிடம்.

ஓக்கி முட்டாள்தனம் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அது காதல் பாட்டு அல்ல, அசிங்கமான அதிகாரப் போட்டி என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். முதல் சரணத்தில் ஆண், நான்தான் உன்னை உருவாக்கினேன், நினைத்தால் கீழே இறக்கவும் முடியும் என்று மிரட்டுகிறான். இரண்டாம் சரணத்தில் அந்தப் பெண் தன் கணக்கைச் சொல்கிறாள், அலட்டிக்கொள்ளாமல். ஆல்பத்தின் இருண்ட பாட்டுகளுக்கு அடுத்ததாக வந்து நிற்கும்போது அந்தக் கசப்பு தெளிவாகத் தெரிகிறது. வானொலியில் தனியாகக் கேட்டால் பல்லவி மட்டும்தான் மிஞ்சுகிறது. கதைக்கு ஏற்ற இடம்தான். பௌதிகத்துக்குத்தான் ஏற்ற இடம் இல்லை.

உள்ளே என்ன நடக்கிறது

எல்பி, அதாவது முழு ஆல்பத் தட்டு, நிமிடத்துக்கு 33⅓ சுற்று. வெளி விளிம்பில், மையத்திலிருந்து சுமார் 146 மி.மீ. தூரத்தில், ஊசிக்குக் கீழே இசை பதிந்த பள்ளம் வினாடிக்கு ஏறத்தாழ 510 மி.மீ. வேகத்தில் ஓடுகிறது. அதே சுற்று வேகத்தில், 65 மி.மீ. ஆரத்தில் ஓடுவது சுமார் 227 மி.மீ. மட்டுமே. 10 கிலோஹெர்ட்ஸ் ஒலி, அதாவது கை தட்டலின் கூர்மையும் 'ஸ' ஒலியின் சீறலும் இருக்கும் பகுதி, வெளியே ஓர் அலைக்கு 51 மைக்ரான் நீளம் எடுத்துக்கொள்ளும். உள்ளே அதே அலை 23 மைக்ரானுக்குள் நெருக்கப்படுகிறது. உருண்டை முனை ஊசியின் ஆரம் 15 முதல் 18 மைக்ரான். நெளிவு அவ்வளவு நெருங்கும்போது அந்த முனை வளைவுக்குள் இறங்க முடியாமல் மேட்டிலிருந்து மேட்டுக்குத் தாவுகிறது. நாம் கேட்கும் கரகரப்பு அந்தத் தாவல். 'டோன்ட் யூ வான்ட் மீ'யில் எல்எம்-1 தட்டல்களும் சூசனின் மூடாத 'ஸ'க்களும் சரியாக அந்த இடத்தில் வந்து விழுகின்றன.

ஒரு ஆறுதல்: இரண்டாம் பக்கத்தின் மொத்த நீளம் சுமார் 19 நிமிடம்தான். 25 நிமிடப் பக்கங்களைப் போல லேபிளை முட்டும்வரை வெட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் எங்கே முடிகிறது என்பது அச்சுக்கு அச்சு மாறும். அதனால் முதல் வேலை அளவுகோலை எடுப்பது. சுழல் அச்சின் மையத்திலிருந்து இசைப் பள்ளம் முடியும் இடம்வரை மி.மீ. கணக்கில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த எண் எதற்கு என்றால், கார்ட்ரிட்ஜை (ஊசியைத் தாங்கும் சிறு பெட்டியை) பொருத்தும் கோணத்தை முடிவு செய்ய. ஒரு முனையில் சுழலும் டோன்ஆர்ம், அதாவது கார்ட்ரிட்ஜைத் தாங்கும் கை, தட்டின் இரண்டே ஆரங்களில்தான் பள்ளத்துக்குச் சரியான நேர்கோட்டில் இருக்கும். பேர்வால்ட் என்ற பொருத்தும் முறையில் அந்த இரண்டு இடங்கள் சுமார் 66 மி.மீ., 121 மி.மீ. ஸ்டீவன்சன் முறையில் சுமார் 60 மி.மீ., 117 மி.மீ. உங்கள் பிரதியில் இசை 64, 65 மி.மீ. அளவில் முடிந்தால் பேர்வால்ட் வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பாட்டு முழுவதும் பிழையற்ற புள்ளிக்கு அருகிலேயே ஓடும். 60 வரை உள்ளே போனால் ஸ்டீவன்சன் நல்லது. டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 தட்டுச் சுழலி வைத்திருப்பவர்கள் ஆலை சொன்னபடி 15 மி.மீ. ஓவர்ஹேங் (ஊசி முனை சுழல் அச்சைத் தாண்டி நீளும் அளவு) வைத்திருந்தால் ஏற்கெனவே ஸ்டீவன்சனுக்கு நெருக்கத்தில்தான் இருக்கிறார்கள். கோணத்தைச் சரிபார்க்கக் காகிதத்தில் அச்சிடும் அளவு மானியைப் பயன்படுத்தினால், அச்சுப்பொறி அளவைச் சுருக்கிவிடவில்லை என்று முதலில் சரிபார்க்க வேண்டும். இரண்டு மி.மீ. பிசகினால் மொத்த உழைப்பும் வீண்.

அடுத்தது எடை. தட்டு தேயக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஊசி எடையைக் குறைப்பவர்கள்தான் தட்டை அதிகம் கெடுக்கிறார்கள். எடை போதாத ஊசி பள்ளத்தின் சுவரில் ஒட்டாமல் துள்ளி, ஒவ்வொரு துள்ளலிலும் சுவரைச் செதுக்கும். உற்பத்தியாளர் தரும் வரம்பின் நடுவிலோ சற்று மேலேயோ வையுங்கள். ஆடியோ-டெக்னிகா விஎம்95 கார்ட்ரிட்ஜ் வரிசைக்கு 2.0 கிராம், ஆர்டோஃபான் 2எம் ரெட்டுக்கு 1.8 கிராம். டோன்ஆர்மின் எண் வளையத்தை நம்பாமல் ஒரு சிறு டிஜிட்டல் தராசில் நிறுத்துப் பாருங்கள்.

பிறகு ஆன்டி-ஸ்கேட், அதாவது டோன்ஆர்ம் உள்நோக்கி இழுபடுவதை ஈடுகட்டும் விசை. சீறல் வலது சேனலில் மட்டும் அதிகமாகக் கேட்டால் ஆன்டி-ஸ்கேட் போதவில்லை, கொஞ்சம் கூட்டுங்கள். இடதில் மட்டும் என்றால் குறையுங்கள். பள்ளத்தின் உள் சுவர் இடது சேனல், வெளிச் சுவர் வலது. டோன்ஆர்ம் இயல்பாகவே உள்நோக்கி இழுபடுவதால் வெளிச் சுவர்தான் முதலில் பிடி இழக்கும். ஹெட்போன் போட்டுக்கொண்டு சூசனின் சரணத்தை மட்டும் இரண்டு முறை ஓடவிட்டால் போதும், சோதனைத் தட்டு எதுவும் வேண்டாம்.

இவ்வளவும் செய்து பாதிதான் சரியானது என்றால் ஊசி முனையின் வடிவத்தை மாற்றும் நேரம். சாதாரண நீள்வட்ட முனையின் பக்க ஆரம் சுமார் 7.6 மைக்ரான். மைக்ரோலைன் என்ற மெல்லிய முனை வகையில் சுமார் 3 மைக்ரான். விஎம்95 உடம்பில் 'இ' (நீள்வட்ட) ஊசியைக் கழற்றிவிட்டு 'எம்எல்' (மைக்ரோலைன்) ஊசியைச் செருகினால் போதும், கார்ட்ரிட்ஜைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மெல்லிய முனை கோணப் பிழையை மன்னிக்காது. பொருத்தம் சரியில்லாமல் விலை உயர்ந்த ஊசியைப் போடுவதில் பயனில்லை. ஐந்தில் நான்கு பேர் முதலில் ஊசி வாங்கிவிட்டு அப்புறம்தான் அளவுகோலைத் தேடுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

பழைய பிரதி வாங்கும்போது

1981இன் பிரிட்டிஷ் அச்சின் பட்டியல் எண் வி 2192. ஏராளமாக விற்ற தட்டு என்பதால் பிரதி கிடைப்பது கஷ்டமில்லை, நல்ல பிரதி கிடைப்பதுதான் கஷ்டம். அதை வாங்கிய பதின்வயதினர் பலர் பெட்டி வடிவ மலிவு ஸ்டீரியோக்களில், 4, 5 கிராம் எடை அழுத்தும் செராமிக் கார்ட்ரிட்ஜ்களில் ஓட்டினார்கள். எந்தப் பாட்டை அதிகம் ஓட்டியிருப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் இரண்டாம் பக்கத்தின் கடைசி வளையம் மட்டும் மற்றவற்றைவிடச் சாம்பல் பூத்திருக்கும். அந்தப் பிரதியை விட்டுவிடுங்கள்.

அழுக்கையும் சேதத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. இசை இருந்தாலும் இல்லாவிட்டாலும் டிக், டிக் என்று வருவது பெரும்பாலும் அழுக்கு. மூன்று பங்கு வாலை வடிநீர், ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஓரிரு சொட்டு ஈரமாக்கும் திரவம், மென்மையான பிரஷ், பிறகு வெறும் வாலை வடிநீரில் அலசல், இவ்வளவில் போய்விடும். லேபிளை மட்டும் நனைக்காதீர்கள். குரல் உரத்து எழும்போது மட்டும் கிழிவது போல வந்தால் அது சேதம், கழுவிப் பயனில்லை. சில சமயம் மைக்ரோலைன் முனை, பழைய உருண்டை ஊசி தொடாத ஆழத்தில் ஓடி, சேதத்தைத் தாண்டிவிடும். அதை எதிர்பார்த்து விலை கொடுக்க வேண்டாம்.

உறையை ஒரு ஃபேஷன் இதழின் அட்டை போல வேண்டும் என்று ஓக்கி கேட்டு வாங்கினார். வெள்ளைப் பரப்பின் நடுவே நெருக்கமாக வெட்டிய ஒப்பனை முகம். வெள்ளை என்பதால் தட்டின் வட்டத் தடமும் பழுப்புப் புள்ளிகளும் ஒளிய இடமில்லை. தட்டை உறைக்குள் வைக்காமல், தனி உள்ளுறையில் போட்டு உறைக்குப் பின்னால் வைத்து, இரண்டையும் சேர்த்து வெளியே ஒரு பிளாஸ்டிக் உறை போடுவது நல்லது.

'டேர்' பிடித்தவர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டியது 1982இன் 'லவ் அண்ட் டான்சிங்'. தி லீக் அன்லிமிடெட் ஆர்கெஸ்ட்ரா என்ற பெயரில், ரஷன்ட் அதே பாட்டுகளைக் கலவை மேசையிலும் நாடா வெட்டி ஒட்டியும் பிரித்துப் போட்டது. குரல்கள் பெரும்பாலும் போய், எம்சி-8 விட்ட அந்தச் சின்ன மௌனங்கள் மட்டும் முன்னால் வந்து நிற்கும். நாடாவைப் பிளேடால் வெட்டிச் செய்தது என்பதை மறந்துவிட்டுக் கேட்டால் கணினியில் செய்தது என்றே நினைப்பீர்கள்.

'டோன்ட் யூ வான்ட் மீ'யை அது கேட்கத் தகுந்தபடி கேட்க மலிவான வழி ஒன்று இருக்கிறது: 7 அங்குல சிங்கிள். நிமிடத்துக்கு 45 சுற்று என்பதால் அதன் வெளி விளிம்பில் பள்ளம் வினாடிக்கு சுமார் 396 மி.மீ. ஓடுகிறது. 54 மி.மீ. ஆரம்வரை உள்ளே போனாலும் 254 மி.மீ. அதாவது சிங்கிளின் மிக மோசமான கணம்கூட எல்பியில் அந்தப் பாட்டு முடியும் இடத்தைவிட மேல். மறுபக்கம் 'செகண்ட்ஸ்', ஆல்பத்தின் இருண்ட பாதியிலிருந்து. 15 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது என்பதால் சொற்ப விலைக்குக் கிடைக்கும். ஒன்றை மட்டும் விற்பவரிடம் கேளுங்கள்: சுமாரான பாட்டுக்கு ஈடாக வாங்குபவர்களுக்கு ஏதாவது கொடுங்கள் என்று ஓக்கி நிபந்தனை போட்டு, சிங்கிளோடு ஒரு பெரிய வண்ணப் போஸ்டரும் சேர்க்க வைத்தார். அது இல்லாத பிரதி என்றால் விலையைக் குறைத்துக் கேட்கலாம்.